ஓடப் பாட்டும் விசில் பாட்டும்

ஜூலை 14, சனி

மழை இல்லை. மேகம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது. குவாரியில் இன்று மூன்று வெடி. காயப்போட்ட துணியெல்லாம் வெள்ளைத் தூசி, மறுபடி உதறி மடிக்க வேண்டும்.

செய்தது: தண்ணீர் எட்டுக் குடம். ரேஷனில் கிருஷ்ணாயில், ஒன்றரை மணி நேர வரிசை. பூகோள வரைபடம் பாக்கி.

இதைப் பூகோள நோட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். முன்னால் பாலைவனங்களும் காற்றுகளும். அப்பாவுக்குப் படிக்க வராது. அம்மாவுக்கு எழுத்துக்கூட்டி வரும். அதனால் எழுத்தைப் பொடியாக்கிக்கொண்டேன்.

வரிசையில் எனக்கு நான்கு பேர் முன்னால் எஸ்தர். என்னோடு பத்தாவது பாஸ் செய்துவிட்டு வீட்டில் இருக்கிறாள். நர்ஸ் படிப்புக்கு மனு போடப் போகிறாள். ஆகஸ்ட் ஒன்றாம் தேதி செங்கல்பட்டில் நேரில் கொடுக்க வேண்டுமாம். எல்லாம் ரெடி, பங்குச் சாமியாரின் நன்னடத்தைக் கடிதம் ஒன்றுதான் பாக்கி. அவள் அப்பா அதே கோயிலில் உபதேசியார். கேட்டால் சாமியார் கொடுத்துவிடுவார்.

ரேஷன் கார்டு உறைக்குள்ளிருந்து ஒரு துண்டுச் சீட்டு எடுத்துக் கொடுத்தாள். அவள் அம்மா பாடும் பழைய பாட்டு, நான்கு வரி தெரியாமல் விட்டிருந்தது இப்போது கிடைத்துவிட்டதாம். எங்கள் மூவரின் பாட்டு நோட்டில் ஏற்ற வேண்டும். நோட்டு இந்த வாரம் ராஜாவிடம்.

ராஜா என்றால் கன்னியம்மா. ஏழாவது வகுப்பு நாடகத்தில் ராஜா வேஷம் கட்டினாள். கரியில் மீசை வரைந்தது மூன்று நாள் போகவில்லை. வாத்தியாரே ஆஜர் கூப்பிடும்போது ராஜா என்று கூப்பிட்டார், வகுப்பே சிரித்தது. அப்படியே ஒட்டிக்கொண்டது. எட்டாவதோடு அவளை நிறுத்திவிட்டார்கள். இப்போது மறைமலை நகரில் நட்டு போல்ட் கம்பெனி, பேக்கிங். சொந்தமாக டிரான்சிஸ்டர் வைத்திருக்கிறாள். கம்பெனியிலும் வேலை நேரத்தில் ரேடியோ போடுவார்களாம். புதுப் பாட்டெல்லாம் அவள் எழுதியதுதான்.

நோட்டு இருநூறு பக்கம். முன்னாலிருந்து பழைய பாட்டு, பின்னாலிருந்து புதுப் பாட்டு. நடுவில் இரண்டும் முட்டும் அன்று மூவரும் வல்லக்கோட்டை போய் முதல் பாட்டிலிருந்து பாடுவதாகப் பேச்சு. எஸ்தர் முருகன் கோயிலுக்குள் வரமாட்டாள். செருப்புக்குக் காவல் இருந்துகொண்டு வெளியிலிருந்தே பாடுகிறாளாம்.

இன்னும் பதினான்கு பக்கம்.

கிளம்பும்போது எஸ்தர் கேட்டாள், நேயர் விருப்பத்துக்குக் கார்டு போட்டாயா, ஓடப் பாட்டுதானே எழுதினாய் என்று. ஓடப் பாட்டு அந்த ஏழாவது நாடகத்தில் அவள் திரைக்குப் பின்னாலிருந்து பாடியது. அப்பன் மகளை அக்கரையில் இறக்கிவிட்டு வெறும் ஓடத்தோடு திரும்புகிற பாட்டு. அவள் பாடி முடித்ததும் கணக்கு டீச்சர் மூக்கைச் சிந்தினார்.

ஆமாம் என்றேன்.

ஓடப் பாட்டு எழுதவில்லை. விசில் பாட்டு எழுதினேன். இப்போது எல்லா டீக்கடையிலும் போடுகிறார்களே, விசிலில் ஆரம்பிக்கும் ஜோடிப் பாட்டு, அது. எங்கள் வீட்டில் ரேடியோ இல்லை. ஒரு தடவையாவது முழுசாகக் கேட்க வேண்டும் என்றிருந்தது. அவ்வளவுதான்.

ஜூலை 15, ஞாயிறு

வந்துவிட்டது.

ஆட்டுக்கல்லில் மாவு அரைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு கோவிந்தம்மா அக்கா ரேடியோவை எப்போதும் எங்களுக்கும் சேர்த்து வைத்ததுபோல் சத்தமாக வைப்பாள். நேயர் விருப்பம். பெயர்கள் வரிசையாக. திண்டிவனம், ஆம்பூர், வேலூர், அப்புறம் ஒரகடம். கை நின்றுவிட்டது.

"ஒரகடத்திலிருந்து எஸ்தர் ராஜா."

அவ்வளவுதான். அறிவிப்பாளர் நடுவில் ஒரு மூச்சுகூட விடவில்லை. அடுத்த ஊருக்குப் போய்விட்டார்.

பிறகு விசில். பாட்டு முடியும் வரை எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, சந்தோஷம் மட்டும். இரண்டாம் சரணம் இவ்வளவு நாள் தெரியாது, இன்று தெரிந்துகொண்டேன். மாவு வழிந்து தரையெல்லாம். அம்மா திட்டினாள்.

பாட்டு முடிந்த பிறகுதான் அந்தப் பெயர் திரும்பக் காதில் கேட்டது. எஸ்தர் ராஜா. அவர்கள் சனத்தில் கல்யாணம் ஆன பெண்கள் இப்படித்தான் சொல்வார்கள். மேரி பீட்டர். ரோஸ் ஆரோக்கியம். புருஷன் பெயரைச் சேர்த்து.

பூசை முடிந்து ஆட்கள் டீக்கடை ரேடியோவுக்கு எதிரில் நிற்கிற நேரம் அது.

நான் கார்டில் ஒன்றின் கீழ் ஒன்றாகத்தான் எழுதினேன். எஸ்தர். அதன் கீழே ராஜா. என் பெயருக்கு இடம் இல்லை.

ஜூலை 16, திங்கள்

பஸ்ஸில் நிற்க இடமில்லை. வெயில்.

கூட்டு ரோட்டில் ஏறிய இரண்டு பேர், மெக்கானிக் ஷாப்பில் இருப்பவர்கள், விசில் பாட்டை விசிலடித்துக்கொண்டே வந்தார்கள். பின் சீட்டிலிருந்து ஒருவன் சொன்னான்: "கோயில்ல மூணு வாரம் ஓலை வாசிக்கணும். இவங்க ரேடியோல ஒரு வாரம் வாசிச்சிட்டாங்க. இன்னும் ரெண்டு கீது."

எல்லாரும் சிரித்தார்கள். கல்யாணத்துக்கு முன்னால் கோயிலில் பெயர் வாசிப்பார்களே, அந்த ஓலை. கண்டக்டரும் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் ஏன் சிரிக்கவில்லை என்று பார்ப்பார்கள் என்று.

ராஜா யார் என்று தேடுகிறார்கள். இதுவரை மூன்று ராஜா கிடைத்திருக்கிறார்கள்:
1. தண்டலத்து லாரி கிளீனர் ராஜா. எஸ்தரை அவன் பார்த்ததே இல்லை.
2. டைலர் கடை ராஜமாணிக்கம். வயது ஐம்பது.
3. மாட்டு டாக்டர் மகன் ராஜா. வேலூரில் படிக்கிறான். நேற்றிலிருந்து இவன்தான் என்று முடிவாகிவிட்டதாம், ஏனென்றால் நான் இல்லை என்று சொல்ல அவன் ஊரில் இல்லை.

தமிழ் டெஸ்ட், ஐம்பதுக்குப் பதினெட்டு மார்க்.

ஜூலை 18, புதன்

இரவு அப்பா குவாரி லாரியை நிறுத்திவிட்டு வந்து சாப்பிடும்போது அம்மாவிடம் பேசினார். என்னிடம் இல்லை. ஆனால் தட்டை எனக்கு நேராகத் தள்ளிவைத்துக்கொண்டு பேசினார்.

"உபதேசியார் பொண்ணு பேரு ரேடியோல வந்துதாமே. குவாரி முழுக்க இதான் பேச்சு. அந்தாளு ரோட்ல தலைய குனிஞ்சிகினு போறாரு. நம்ம வூட்ல இப்பிடி ஒண்ணு வந்துதுன்னா, அன்னிக்கே பொஸ்தகத்தக் கட்டிப் பரண்ல போட்டுடுவேன்."

அம்மா குழம்பு ஊற்றினாள். அவ எங்க ரேடியோ கேக்கறா என்றாள். எனக்காகப் பேசினாள். அதுதான் மோசமாக இருந்தது.

அப்பா சொன்னதைச் செய்பவர். அத்தை மகள் ஒரு நாள் சினிமாவுக்குப் போய் மாட்டிக்கொண்டாள் என்று, அது அவர் மகளே இல்லை, அவர்தான் போய் அவள் படிப்பை நிறுத்திவிட்டு வந்தார்.

கோவிந்தம்மா அக்கா அம்மாவிடம் வேலி ஓரமாகச் சொன்னது: எஸ்தர் உண்மையைச் சொல்லிவிட்டாளாம். ராஜா என்பது கன்னியம்மா என்று. யாரும் நம்பவில்லை. பொம்பளைப் பெண்ணுக்கு ராஜா என்று பெயரா என்று எஸ்தரின் அண்ணன் அவளைக் கன்னத்தில் அறைந்தானாம். கன்னியம்மாவின் அம்மா விஷயம் கேட்டு நேராக உபதேசியார் வீட்டு வாசலுக்குப் போய், என் பெண் பெயரை இதில் இழுக்காதே என்று கத்திவிட்டு வந்தாளாம். கன்னியம்மாவைக் கேட்டதற்கு எனக்கு ஒன்றும் தெரியாது என்றாளாம்.

கடிதம் தரமாட்டேன் என்று சாமியார் சொல்லிவிட்டார். முதலில் அந்த ராஜா யார் என்று தெரிய வேண்டும்.

கார்டு எழுதியது யார் என்று எஸ்தர் சொல்லவில்லை. கேட்டார்களாம். நானே எழுதினேன் என்று சொன்னாளாம்.

ஜூலை 19, வியாழன்

பொய் எழுதிவிட்டேன். கார்டில் இடம் இருந்தது. ராஜாவுக்குக் கீழே ஒரு விரல் அகலம். பேனாவைக் கொண்டுபோய் வைத்து எடுத்துவிட்டேன், ஒரு புள்ளி விழுந்தது. அப்பா டீக்கடையில் இருந்தால் என்ன செய்வது என்று.

எஸ்தர், ராஜா, தேவகி என்று மூன்று பெயர் இருந்திருந்தால் யாரும் ஒன்றும் நினைத்திருக்கமாட்டார்கள். மூன்று பேர் என்றால் கூட்டம். இரண்டு பேர் என்றால் ஜோடி. நான் என்னை எடுத்துவிட்டு அவர்களை ஜோடியாக்கிவிட்டேன்.

பாட்டும் ஓடப் பாட்டாக இருந்திருந்தால். அப்பன் மகள் பாட்டை எந்தக் காதலன் கேட்பான்.

ஜூலை 21, சனி

காற்று. லாரி லாரியாக ஜல்லி.

கூட்டு ரோட்டில் ராஜாவைப் பிடித்தேன். மூன்றே முக்கால் பஸ், முதல் ஷிப்டு முடித்து வருகிறவர்கள் இறங்குவது. கம்பெனி நீலக் கோட்டு, நகக்கண்ணெல்லாம் கருப்பு எண்ணெய். மடியில் வேர்க்கடலைப் பொட்டலம். நான் கூப்பிட்டும் நிற்கவில்லை, நடந்துகொண்டே தின்றாள். கூடவே ஓடினேன்.

"இன்னாடி ப்ளஸ் ஒண்ணு. வழி தெரிஞ்சி வந்துட்டியா."

எல்லாம் சொன்னேன். எஸ்தருக்குக் கடிதம் வேண்டும், ஒன்றாம் தேதிதான் கடைசி, நீ வந்து நான்தான் ராஜா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று. நோட்டு உன்னிடம்தான் இருக்கிறது, அட்டையில் மூன்று பெயரும் இருக்கிறது, அதைக் காட்டினால் நம்புவார்கள் என்று.

"நான் போயி சொல்லணும். எங்கம்மா அவங்க வாசல்ல நின்னு கத்திட்டு வந்திருக்குது. படப்பையிலேருந்து என்னியப் பொண்ணு பாக்க வராங்க. அவங்க கிட்ட இன்னான்னு சொல்றது, மீச வெச்ச பொண்ணுன்னா?"

நாடகத்தில் வேஷம் கட்டினாய், அவ்வளவுதானே என்றேன்.

"கட்டினேன். எட்டாவதுல நிறுத்துனாங்க. நீங்க ரெண்டு பேரும் எங்க வூட்டு வழியாத்தான் பஸ்ஸுக்குப் போனீங்க, தெனம். ஒரு நாளு உள்ள வந்து, கன்னியம்மாவ அனுப்புங்கம்மான்னு எங்கம்மா கிட்ட கேட்டீங்களா?"

அடுத்த கடலையை உடைத்தாள்.

"பாட்டு நோட்டு அனுப்பினீங்க."

கடலைத் தோலை ஊதினாள். என் பாவாடையெல்லாம் பறந்து ஒட்டியது.

கார்டு எழுதியது நீதானே, நீ போய்ச் சொல் என்றாள். எங்கள் அப்பா நிறுத்திவிடுவார் என்றேன். அப்போதுதான் நின்று என் முகத்தைப் பார்த்தாள். அவள் சிரித்தது எனக்குப் பிடிக்கவில்லை.

"நிறுத்தினா இன்னா ஆவும்னு என்னியக் கேளு. சொல்றேன்."

ஜூலை 22, ஞாயிறு

கோயில் ரோடு வழியாகப் போனேன். வேலை ஒன்றும் இல்லை. கையில் எண்ணெய்ப் பாட்டில் வைத்துக்கொண்டால் யாரும் கேட்கமாட்டார்கள்.

உள்ளே வாசகம் படித்தது எஸ்தர் அப்பாவின் குரல் இல்லை. வேறு யாரோ தடுக்கித் தடுக்கிப் படித்தார்கள். எனக்குத் தெரிந்து பத்து வருஷமாக அவர்தான் படிக்கிறார். ஒலிபெருக்கியில் கேட்டுக் கேட்டு எனக்கே பாதி மனப்பாடம்.

அப்புறம் சாமியார் பிரசங்கம். பெயர் சொல்லவில்லை. காற்றில் வரும் பாட்டுக்கு வீட்டுக் கதவு தெரியாது, நாம்தான் சாத்த வேண்டும் என்றார். எல்லாருக்கும் புரிந்திருக்கும். எஸ்தர் கடைசி வரிசையில், வாசலிலிருந்தே தெரிந்தாள், முக்காடு மூக்கு வரை. வெளியே வரும்போது என்னைப் பார்த்தாள். நான் பாட்டிலைப் பார்த்தேன்.

பாண்டிச்சேரியில் அவள் அத்தைக்கு எழுதிப் போட்டிருக்கிறார்களாம். அத்தை மகனுக்கு மனைவி இறந்துவிட்டாள், பிள்ளைகள் இரண்டு. கடிதம் கிடைக்காவிட்டால் எஸ்தரை அவனுக்குக் கட்டிவைப்பார்களாம். அத்தை 31-ஆம் தேதி வந்து அழைத்துப் போகிறாள்.

ஜூலை 24, செவ்வாய்

ஒரு வழி கண்டுபிடித்தேன். இன்று முழுக்க மனசு லேசாக இருந்தது. இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

சாமியாருக்குக் கடிதம் எழுதிவிட்டேன். பெயர் போடாமல். இடது கையால் எழுதினேன், எழுத்தெல்லாம் வயசானவர் எழுதியதுபோல் வந்தது. அதுவும் நல்லதுதான். ஸ்ரீபெரும்புதூர் தபால்பெட்டியில் போட்டேன், முத்திரை எங்கள் ஊர் இல்லை.

எழுதியது: மதிப்பிற்குரிய சாமியார் அவர்களுக்கு. எஸ்தர் குற்றமற்றவள். ராஜா என்று ஒரு ஆண் இல்லவே இல்லை. இது சத்தியம். தயவுசெய்து அவளுக்குக் கடிதம் கொடுக்கவும். இப்படிக்கு, எஸ்தரின் நலம்விரும்பி.

நான்கு தடவை படித்துப் பார்த்தேன். பிழை இல்லை.

ஜூலை 25, புதன்

தூறல். பஸ் பாஸ் நனைந்துவிட்டது. வரலாறு நோட்டு பாக்கி. இன்றைக்குக் கடிதம் போய்ச் சேர்ந்திருக்கும்.

ஜூலை 27, வெள்ளி

குழாயடியில் நான்கு பெண்கள். நான் குடத்தை வைத்ததும் பேச்சை நிறுத்தவில்லை, அதனால் என்னைப் பற்றி இல்லை என்று தெரிந்துகொண்டேன்.

கோவிந்தம்மா அக்கா சொன்னாள்: "சாமியாருக்கு மொட்டக் கடுதாசி வந்துக்கீது. ராஜான்னு ஆளே இல்லன்னு. யாரு எழுதியிருப்பான், அந்த ராஜாதான். கையெழுத்த மாத்தி எழுதிக்கீறான். நலம்விரும்பியாம் நலம்விரும்பி."

இன்னொருத்தி: "ஆம்பள எழுத்துதானாம். கோணக் கோணலா."

குடம் நிரம்பி வழிந்தது தெரியவில்லை.

சாமியார் அந்தக் கடிதத்தை எஸ்தர் அப்பாவிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாராம். சந்தேகம் இருந்தது, இப்போது சந்தேகமும் இல்லை என்றாராம். உபதேசியார் வீட்டுக்கு வந்து எஸ்தரை அடிக்கவில்லை. சாப்பிடவும் இல்லை. கோயில் சாவியைச் சாமியார் மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டாராம்.

நான் எது செய்தாலும் பெயர் போடாமல் செய்கிறேன். ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் ஒரு ஆம்பிளை முளைக்கிறான்.

ஜூலை 28, சனி

சனிக்கிழமை நேயர் விருப்பம் நேரத்தில் கோவிந்தம்மா அக்கா வீட்டு ரேடியோ பாடியது. நான் கொல்லைப்பக்கம் போய்விட்டேன்.

சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஒரு தடவை பேன் பார்த்தாள். ஒரு தடவை வெங்காயம் உரிக்கச் சொன்னாள். ஒரு தடவை என்னடி என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

ப்ளஸ் டூ முடித்துவிட்டு டீச்சர் டிரெயினிங் போக வேண்டும். அப்பா சரி என்று இன்னும் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அந்த இரண்டுக்கும் நடுவில்தான் நான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூலை 30, திங்கள்

மதிய இடைவேளை. வாட்ச்மேன் வந்து உன்னைத் தேடி ஆள் வந்திருக்கிறது என்றார். அப்பா என்று நினைத்தேன்.

ராஜா. கேட்டுக்கு வெளியே, நீலக் கோட்டு, கையில் பாட்டு நோட்டு. எட்டாவதுக்குப் பிறகு அவளை ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. கேட்டுக் கம்பிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

காலையில் ஷிப்டுக்குப் போகாமல் சாமியார் வீட்டுக்குப் போயிருக்கிறாள். நான்தான் ராஜா என்று சொன்னாளாம். சாமியார் நம்பவில்லை, யார் சொல்லிக்கொடுத்து அனுப்பியது என்று கேட்டாராம். இவள் முற்றத்தில் இறங்கி நின்று, கோட்டு பட்டனைப் போட்டுக்கொண்டு, ஏழாவது நாடகத்து ராஜா வசனம் முழுக்கப் பேசியிருக்கிறாள். இரண்டு பக்கம். மந்திரியைக் கூப்பிட்டு, தளபதியைத் திட்டி, கடைசியில் வாளை உருவுவது வரை. சமையல்காரம்மா கரண்டியோடு வந்து நின்றுவிட்டாளாம்.

"ஒரு எடத்துல கூட தடுக்கல தெரியுமா. சாமியாரு சிரிச்சிட்டாரு."

அப்புறம் நோட்டைக் கொடுத்திருக்கிறாள். அட்டையில் மூன்று பெயர். உள்ளே மூன்று கையெழுத்து. சாமியார் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாராம். பழைய பாட்டு ஒன்றை வாய்க்குள் பாடக்கூடச் செய்தாராம்.

ராஜா நீதான், சரி, ஒப்புக்கொள்கிறேன் என்றாராம். அப்படியானால் இந்த மொட்டைக் கடிதம் யார் எழுதியது? அதைத் தெரிந்துகொள்ளாமல் கையெழுத்துப் போடமாட்டேன் என்றாராம். இந்த மூன்றாவது பெண்ணைக் கேட்டால் தெரியுமா என்றாராம். அட்டையில் என் பெயர் பாதி கிழிந்திருக்கிறது, தே மட்டும்தான் மிச்சம். உள்ளூரில் ஏழெட்டு தேவகி, தேவிகா, தேவி.

"நீ இன்னா சொன்னே?"

"தெரியாதுன்னேன். நாளைக்குப் பத்து மணி வரைக்கும் எனக்குத் தெரியாது. பதினோரு மணி பஸ்ல அவங்க அத்த வருது. பத்து மணிக்கு மேல எனக்குத் தெரிஞ்சிடும்."

மொட்டைக் கடிதம் நான் எழுதியது என்று இவளுக்கு நான் சொல்லவே இல்லை. எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"நலம்விரும்பின்னு வேற எவ எழுதுவா. எனக்குப் பொறந்த நாளைக்கு அதான எழுதிக் குடுத்த, ஆறாவதுல."

ஏன் மனசு மாறினாய் என்று கேட்டேன். நோட்டை என் கையில் கொடுத்தாள். படப்பைக்காரர்கள் வந்துவிட்டுப் போனார்களா என்று கேட்டேன். வந்தாங்க என்றாள். அதற்குள் மணி அடித்தது. நான் உள்ளே ஓடினேன். திரும்பிப் பார்த்தபோது அவள் இன்னும் கேட்டில் நின்றுகொண்டு எந்த வகுப்பு எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

நோட்டு இப்போது அரிசிப் பானைக்குப் பின்னால். திறந்து பார்த்தேன். இவ்வளவு நாளில் அவள் ஒன்பது பக்கம் எழுதியிருக்கிறாள், புதுப் பாட்டு இல்லை, முன்பக்கத்திலிருந்து, எல்லாம் பழைய பாட்டு. ஏழாவதில் நாங்கள் பாடியவை. ஓடப் பாட்டு ஏற்கெனவே முதல் பக்கத்தில் இருக்கிறது. அதையே மறுபடி எழுதியிருக்கிறாள்.

நாளை காலை வயிற்றுவலி என்று சொல்லிவிட்டுப் படுத்துவிடலாம். சொன்னால் அம்மா நம்புவாள்.

ஜூலை 31, செவ்வாய்

வெயில். காலையில் தண்ணீர் நான்கு குடம்தான்.

வயிற்றுவலி என்று சொல்லவில்லை. பை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினேன். பஸ் வந்தது. ஏறவில்லை. ஏறவில்லை என்று தெரிந்ததே பஸ் போன பிறகுதான்.

சாமியார் வீட்டு வராந்தாவில் எஸ்தர், அவள் அப்பா, ஒரு டிரங்குப் பெட்டி. மணி ஒன்பதே முக்கால். கேட்டுக்கு வெளியே ராஜா சைக்கிள் ஸ்டாண்டில் சாய்ந்துகொண்டு, என்னைத் தெரியாதவள் மாதிரி.

கார்டு நான் எழுதினேன் என்றேன். கடிதமும் நான் எழுதினேன். சாமியார் திரும்பச் சொல்லச் சொன்னார். திரும்பச் சொன்னேன். அழவில்லை. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சாமியார் ஒரு தாள் கொடுத்து இடது கையால் நலம்விரும்பி என்று எழுதச் சொன்னார். எழுதினேன். மொட்டைக் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். லகரம் இரண்டிலும் ஒரே மாதிரி சரிந்திருந்தது. இதற்கா இவ்வளவு என்று மட்டும் சொன்னார். யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை. பேனாவை எடுத்துக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். முத்திரை குத்தினார். கோயில் சாவியை மேஜை டிராயரிலிருந்து எடுத்து உபதேசியார் பக்கம் தள்ளினார். அவர் உடனே எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எடுத்தார்.

எஸ்தர் கடிதத்தை மடித்து ரேஷன் கார்டு உறைக்குள் வைத்தாள். படி இறங்கும்போது என் பக்கத்தில் நின்றாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டட்டும் என்று காத்திருந்தேன்.

"ஓடப் பாட்டுதான எழுதச் சொன்னேன், தேவு."

அவ்வளவுதான். பெட்டியை அவள் அப்பா தூக்கிக்கொண்டார். இருவரும் வீட்டுப் பக்கம் போனார்கள். பதினோரு மணிக்கு அத்தை வந்து வெறுங்கையோடு திரும்பினாளாம்.

அப்பாவுக்கு மதியமே தெரிந்துவிட்டது. லாரி மூன்று மணிக்கே வந்தது. அடிக்கவில்லை. ஒரு கேள்விகூட இல்லை. தார்ப்பாய் கட்டும் கயிற்றை வண்டியிலிருந்து எடுத்து வந்து, புத்தகங்களை அடுக்கி, சுமை கட்டுவது மாதிரி குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு, முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டுப் பரணில் ஏற்றினார். அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்த பாட்டு நோட்டும் அவர் கண்ணில் பட்டு அந்தக் கட்டில் போய்விட்டது. நடுவில் ஐந்து பக்கம் வெறுமையாக இருந்தது. பஸ் பாஸை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பூகோள நோட்டு பாயின் கீழ் இருந்தது. அவர் எண்ணிப் பார்க்கவில்லை.

மதியச் சாப்பாட்டுக்கு அவர் அப்போதுதான் உட்கார்ந்தார், அம்மாதான் பேசினாள். "சும்மா வூட்ல வெச்சிகினு இருந்தா இன்னும் நாலு பேச்சுதான். கன்னியம்மா கம்பெனியில ஆள் எடுக்கிறாங்களாம்."

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே சரி என்றார். இத்தனை வருஷத்தில் என் விஷயத்தில் அவர் சொன்ன முதல் சரி.

சாயங்காலமே அம்மா கன்னியம்மா வீட்டுக்குப் போய் அவளிடம் சொல்லிவிட்டு வந்தாள். வியாழன் முதல் வரச் சொன்னாளாம். காலை ஐந்தே முக்கால் பஸ். நீலக் கோட்டு அங்கேயே தருவார்களாம். பேக்கிங்தான், உட்கார்ந்து செய்கிற வேலை. ரேடியோ உண்டு. ஆனால் சூப்பர்வைசர் ரூமில் இருக்கிறதாம். இந்தப் பாட்டு வேண்டும் என்று நாம் கேட்க முடியாதாம். அவர்கள் போடுவதைத்தான் கேட்க வேண்டும்.